இறந்தவர் போட்ட ஸ்விட்ச்

அத்தியாயம் 4

நாற்காலியில் மட்டும் தூசி இல்லை.

கொழுந்தனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மேஜைமேல் விரலால் பெயர் எழுதிப் பார்க்கிற அளவுக்குத் தூசி. கீபோர்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. நாற்காலி மட்டும், இப்போதுதான் ஒருத்தர் எழுந்து போன மாதிரி பளபளவென்று இருந்தது.

"இதுல யார் உட்கார்றாங்க?"

"யாரும் உட்கார மாட்டாங்க சார்," என்றார் சிஸ்டம்ஸ்காரர். கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவர் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் இறந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஈ காக்கா வர்றதில்ல."

"தூசிக்கே பயம் போலிருக்கு, நாற்காலியைத் தொடாம சுத்தி உட்கார்ந்திருக்கு," என்றான் கொழுந்தன். சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தும் கொண்டான்.

அண்ணி சிரிக்கவில்லை. அண்ணிக்கு வேலை நேரத்தில் சிரிப்பு வராது. கம்பெனிகளில் பணம் எந்தப் பொந்தில் நுழைந்து எந்தப் பொந்தில் மறைகிறது என்று துப்பறிவதுதான் அவள் தொழில். கண்டுபிடித்த வீண்செலவை அன்றைக்கே வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அதனால் தொழில் வட்டாரத்தில் அவளுக்கு 'கத்தரி' என்று பெயர். கொழுந்தனுக்கு அவள் அண்ணன் மனைவி. அவன் பார்த்த வேலையெல்லாம் கைவிட்டுப் போனபிறகு, பேசத் தெரிந்த வாய் ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று அவனைக் கூட வைத்துக்கொண்டாள்.

"திரும்பச் சொல்லுங்க," என்றாள் சிஸ்டம்ஸ்காரரிடம். "முதல்லேருந்து. பேயை விட்டுட்டு."

"பேயை விட்டுட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி லிஃப்டுகளைப் பராமரிக்கிற கம்பெனி. குடியிருப்பு, கடை, ஆஸ்பத்திரி என்று ஊரில் ஏறி இறங்குகிற லிஃப்டுகளில் பாதி அவர்கள் கையில். ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சின்னப் பெட்டி. அது தன் சேதியை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கிளவுட் என்றால் வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கேயோ எவரோ வைத்திருக்கிற கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான். வாடகை ஏறிக்கொண்டே போனது. இதனால் நம் தொழிலுக்கு என்ன பலன் என்று பங்குதாரர்கள் கேட்டார்கள். முதலாளியம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. கத்தரியைக் கூப்பிட்டாள்.

சர்வர் எனப்படும் அந்த வாடகைக் கம்ப்யூட்டர்களை அண்ணி ஒவ்வொன்றாக உட்காரவைத்து விசாரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நீ யாருக்கு உழைக்கிறாய்? நீ நின்றுபோனால் இந்தக் கம்பெனியில் எந்த வேலை நிற்கும்? உன்னைக் காணோம் என்று யார் வந்து கேட்பார்கள்? புகார் வாங்குகிற சர்வருக்கு ஒரு அதிகாரி இருந்தார். உதிரிபாகம் பார்க்கிற சர்வருக்கு ஒருவர் இருந்தார். எல்லாம் வாய் திறந்தது, ஒன்றைத் தவிர.

அதுதான் இருப்பதிலேயே பெருந்தீனிக்காரன். அதற்கு வைத்திருந்த பெயர் 'பாம்பு'. யார் சர்வர், எதற்கு ஓடுகிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. சொந்தக்காரர் இல்லாத சர்வரை மாதாமாதம் அணைத்துவிட வேண்டும் என்று ஃபைனான்ஸ் மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதன்படி சிஸ்டம்ஸ்காரர் மூன்று தடவை பாம்பை அணைத்தார். மூன்று தடவையும் மறுநாள் விடிவதற்குள் அது உயிரோடு எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"யார் ஆன் பண்ணினாங்கன்னு பார்த்தேன் மேடம்," என்றார் சிஸ்டம்ஸ்காரர். அந்த நாற்காலியைப் பார்க்காமல் பேசினார். "அவர் பேர்தான் வருது. எங்க சீனியர் இன்ஜினியர். அவர் போய்ச் சேர்ந்தது அதுக்கெல்லாம் முன்னாடி."

"செத்தவரோட லாகினை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"ஆரம்பத்துல இதையெல்லாம் அமைச்சவர் அவர்தான். அதுதான் ஆணிவேர். அதைப் பிடுங்கினா மொத்தமும் படுத்துடும். வேற ஆள் பேருக்கு மாத்தணும்னாலும் அவர் போனுக்கு வர்ற நம்பரை அடிக்கணும். அந்த லாகின்ல யார் உள்ளே போனாலும் அந்த நம்பர் வேணும்."

"அந்தப் போன் எங்கே?"

"யாருக்குத் தெரியும்? ஆபீஸ் போன்தான். நம்பர் இன்னும் உயிரோட இருக்கு. அடிச்சா மட்டும் சுவிட்ச் ஆஃப்."

அண்ணி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"பேய்க்கு ஓடிபி எதுக்கு? சுவரையே தாண்டி வரும்ல?" என்றாள். "போனைக் கண்டுபிடிச்சா ஆளைக் கண்டுபிடிச்ச மாதிரி. வா, அவர் வீட்டுக்குப் போவோம்."

*

இன்ஜினியர் வீடு ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. அவர் மனைவி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்தாள். பள்ளிச் சீருடைகள் கூடத்தில் தலையில்லாத பிள்ளைகள் மாதிரி வரிசையாகத் தொங்கின.

அவர் எப்படி இறந்தார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். ஒரு கட்டடத்தில் லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று போன் வந்திருக்கிறது. இவர் போய் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கியிருக்கிறார். மேலே இருந்து கூண்டு இறங்கிவிட்டது.

"லிஃப்டை நிறுத்தாம இறங்கிட்டார், கவனக்குறைவுன்னு கம்பெனியில விசாரிச்சு எழுதிட்டாங்க," என்றாள். "கவனக்குறைவா? அவரா? இந்த ஃபிரிஜ்ஜு ஓடுற சத்தத்தைக் கேட்டுட்டு, இது இன்னும் ஒரு மாசம்தான் தாங்கும்பார். அதே மாதிரி நின்னுடும். பக்கத்து வீட்டு ஃபேன், தெருவுல போற ஆட்டோ, எதையும் விடமாட்டார். பாம்புச் செவி உங்களுக்குன்னு நான் கிண்டல் பண்ணுவேன். என் பொண்ணு ஸ்கூல்ல, உங்கப்பா அசட்டையா இருந்து செத்துட்டாராமேன்னு கேட்கிறாங்களாம். அவ இப்பல்லாம் ஸ்கூல் பேச்சையே எடுக்கிறதில்ல."

தையல் மிஷினின் ஊசி துணிக்குள் குத்தியபடியே நின்றிருந்தது. கொழுந்தனுக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

"அவர் போன் என்னாச்சுங்க?" என்றாள் அண்ணி மெதுவாக.

"துக்கத்துக்கு ஆபீஸ்லேருந்து ஒரு கூட்டமே வந்தாங்க. ஆபீஸ் சாமானெல்லாம் ஒரு பையில போட்டு யாரோ எடுத்துட்டுப் போனாங்க. யாருன்னு அன்னைக்கு எனக்குப் புத்தியில ஏறல." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைக்க மாட்டீங்களே?"

தன் போனை எடுத்து நீட்டினாள். கணவர் நம்பருக்கு அவள் அனுப்பிய செய்திகள். தண்ணிக் குழாய் மறுபடி ஒழுகுது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. இன்னைக்கு உங்க நீலச் சட்டையை வெட்டிப் பாப்பாவுக்குப் பை தைச்சேன், கோபமா? விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"மனசு கேக்காம எழுதுவேன். போய்ச் சேராதுன்னு தெரியும். ஆனா பாருங்க."

கொழுந்தன் பார்த்தான். செய்திகளுக்குப் பக்கத்தில் நீல டிக். படித்தாகிவிட்டது என்று.

"நாள் கணக்கா ஒண்ணும் இருக்காது. திடீர்னு ஒரு நாள் மொத்தத்துக்கும் நீலம் விழும். அவர்தான் படிக்கிறார்னு நினைச்சுக்குவேன்." அவள் சிரிக்க முயன்றாள். "மூணு தடவை அப்படி."

அண்ணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எந்தெந்த நாள் என்று மட்டும் கேட்டாள். இன்ஜினியர் மனைவி சொல்லச் சொல்லக் கொழுந்தன் மனதுக்குள் சிஸ்டம்ஸ்காரர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்தான். பாம்பு உயிர்த்தெழுந்த அதே மூன்று நாட்கள்.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "அண்ணி, பாம்பை எழுப்புறதுக்குத்தான் எவனோ அந்தப் போனை ஆன் பண்றான். அப்ப இந்த அக்கா எழுதினதும் வந்து விழுது. உட்கார்ந்து படிக்கிறான்."

"ஆன் பண்றவன் நம்பரை எடுத்துட்டு அணைச்சுட்டுப் போகலாம். எதுக்குப் படிக்கணும்?"

"சிஸ்டம்ஸ்காரனா இருக்கும். பேய்க்கதை சொல்றவன் வீட்டுலதான் பேய் வளரும்."

"பார்ப்போம்," என்றாள் அண்ணி. "நாளைக்குப் பாம்பை நாமளே அணைப்போம். யார் துடிக்கிறாங்கன்னு தெரியும்."

*

மறுநாள் காலை முதலாளியம்மாவின் அறையில் கூட்டம். அண்ணி ஆளுக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு அறிவித்தாள். பாம்பு என்ற சர்வரை அணைத்தாகிவிட்டது. பலன் என்னவென்று சொல்ல ஆளில்லாத செலவு வீண் செலவு. சாயங்காலம் அதை அடியோடு அழித்துவிடப் போகிறோம், அதற்கப்புறம் யார் நினைத்தாலும் எழுப்ப முடியாது.

சர்வீஸ் மேனேஜர் தலையாட்டினார். ஃபைனான்ஸ் மேனேஜர், "நல்ல முடிவு, எப்பவோ செஞ்சிருக்கணும்," என்றார். நரைத்த, சுத்தமான மனுஷர், சட்டையில் ஒரு மடிப்புக்கூட கலையாதவர். சிஸ்டம்ஸ்காரருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கொழுந்தன் அதைக் குறித்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்ததும் அவன் சிஸ்டம்ஸ்காரரை ஒட்டிக்கொண்டு அந்தக் கோடி மூலைக்கு வந்தான். அங்கே இன்ஜினியரின் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள், கையில் போனோடு. அண்ணிதான் பின்வாசல் வழியாக அழைத்து வந்திருந்தாள். சிஸ்டம்ஸ்காரர் அவளைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டு, கலங்கிய கண்ணோடு எதிரே உட்கார்ந்தார்.

அவள் ஒரு செய்தி அனுப்பினாள். உங்க ஆபீஸ்லதான் இருக்கேன், உங்க சீட்டுல.

டிக் சாம்பல் நிறத்தில் நின்றது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசி மட்டும் மூச்சுவிட்டது. சிஸ்டம்ஸ்காரர் பதற்றத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். கொழுந்தன் அவர் சட்டைப்பை, கால்சட்டைப்பை எதையும் விடாமல் கண்வைத்திருந்தான்.

"வந்துடுச்சு," என்றாள் அவள்.

டிக் நீலமாகியிருந்தது. சிஸ்டம்ஸ்காரரின் இரண்டு கையிலும் பிஸ்கட்.

கொழுந்தன் வாயைப் பிளந்தான். கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷன் எப்படிப் படித்திருக்க முடியும்? ஒரு கணம் அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது, அந்த நாற்காலிக்காரர்தான் எங்கிருந்தோ படிக்கிறார் என்று.

"கூப்பிடுங்க," என்றாள் அண்ணி. "அணைக்கறதுக்குள்ள."

இன்ஜினியர் மனைவி அழுத்தினாள். எங்கேயோ ஒரு குயில் கூவியது. "அவர் ரிங்டோன்," என்றாள். "அவரே பதிவு பண்ணினது."

குயில் கூவிக்கொண்டே இருந்தது. வராந்தாவைத் தாண்டி, ஜெராக்ஸ் மிஷினைத் தாண்டி அவர்கள் சத்தத்தின் பின்னால் ஓடினார்கள். அது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அண்ணி தட்டவில்லை, திறந்தாள்.

ஃபைனான்ஸ் மேனேஜர் ஒரு கையில் கூவுகிற போனோடும் இன்னொரு கை கீபோர்டின் மேலுமாக உட்கார்ந்திருந்தார். வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்தார். முகம் பிணமாக வெளுத்தது. ஆனாலும் கை கீபோர்டை விடவில்லை.

"இந்த நம்பரை மட்டும் அடிக்க விட்டுடுங்க," என்றார். "அப்புறம் என்ன வேணா செய்யுங்க. ஜனங்க லிஃப்டுல போய்க்கிட்டிருக்காங்க."

கொழுந்தன் அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். அண்ணி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பார்வை மாறியிருந்தது.

"பாம்புச் செவி," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அது கேட்கிற சர்வர். லிஃப்டோட சத்தத்தைக் கேட்குது. அடிங்க சார், சீக்கிரம் அடிங்க."

அவர் அடித்தார். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்போதுதான் அவர் சாய்ந்து உட்கார்ந்தார். சத்தம் கேட்டு முதலாளியம்மாவும் வந்து நின்றிருந்தாள்.

"அவர் கண்டுபிடிச்சது," என்றார் ஃபைனான்ஸ் மேனேஜர். "பிரேக் தேயறப்ப ஒரு சத்தம் வருமாம். சாதாரணக் காதுக்கு எட்டாதது. இது ராத்திரி பகலா எல்லா லிஃப்டையும் கேட்டுக்கிட்டிருக்கும். சந்தேகம் வந்தா வாடிக்கையாளர் புகார் மாதிரி ஒண்ணைத் தானே எழுதி சர்வீஸுக்கு அனுப்பிடும். அவங்க போய்ச் சரி பண்ணிட்டு வந்துடுவாங்க."

"நம்ம ஆளுங்க வேகமா வர்றாங்கன்னு எல்லாரும் புகழ்ந்தது இதனாலயா?" என்றாள் முதலாளியம்மா. "அதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்கிட்ட சொன்னார். நான்தான் ஒத்துக்கல. இதால கம்பெனிக்கு என்ன லாபம், எழுதிக் கொடுங்கன்னேன். 'நடக்காத விபத்தை எப்படி சார் எழுதிக் காட்டுறது'ன்னு கேட்டார். காட்ட முடியலன்னா அணைச்சுடுங்கன்னேன்." அவர் இன்ஜினியர் மனைவியைப் பார்க்க முயன்று, முடியாமல் மேஜையைப் பார்த்தார். "அணைச்சுட்டார். அதுக்கப்புறம்தான் அந்தக் கட்டடத்துலேருந்து சத்தம் வருதுன்னு போன் வந்துச்சு. கேட்கறதுக்கு இது இல்ல. அதனால அவரே காதைக் கொண்டுபோய் வெச்சுக் கேட்கக் குழிக்குள்ள இறங்கினார். லிஃப்டு ஓடினாத்தானே சத்தம் கேட்கும்? நிறுத்திட்டு இறங்கினா எதைக் கேட்கிறது?"



"அது உங்களுக்குத் தெரியும்," என்றாள் இன்ஜினியர் மனைவி. "தெரிஞ்சும் கவனக்குறைவுன்னு எழுதவிட்டீங்க."

"எழுதவிட்டேன்."

"அன்னைக்குப் போனை எடுத்துட்டுப் போனது நீங்கதான்."

"ஆமாம்மா. அவர் லாகின் விவரமும் அதுலயே இருந்துச்சு, அன்னைக்கே இதை எழுப்பிட்டேன். இது எதுக்குன்னு சொன்னா, அவர் ஏன் செத்தார்னும் சொல்லணும். சொல்லத் தைரியம் இல்ல. அணைஞ்சு கிடக்கட்டும்னு விடவும் முடியல. நான் போட்ட சட்டமே மாசாமாசம் இதைக் கொன்னுச்சு. நானே திருட்டுத்தனமா எழுப்பினேன். சில நாள் எல்லாரும் போனப்புறம் அவர் நாற்காலியில போய் உட்கார்ந்திருப்பேன்."

"நான் எழுதினதையெல்லாம் படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம." அவர் போனைக் கவிழ்த்துப் பிடித்தார். "படிக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்."

அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை நாள் அவர் படிக்கிறார்னு நினைச்சு உயிரோட இருந்தேன். இனி யாருக்கு எழுதுறது நான்?"

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாளியம்மா, "அந்த விசாரணையை நானே திரும்பத் திறக்கிறேன்," என்றாள். "இப்ப சொன்னதையெல்லாம் அங்கேயும் சொல்வீங்க. முதல்ல அந்தக் குழந்தை முன்னாடி போய்ச் சொல்வீங்க." ஃபைனான்ஸ் மேனேஜர் தலையாட்டினார்.

அப்போது திரை மணியடித்தது.

பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு. சர்வர் தானே எழுதிய புகார் ஒன்று விழுந்திருந்தது. ஒரு கண் ஆஸ்பத்திரியின் பெரிய லிஃப்ட். கண்ணில் கட்டுப் போட்டவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்குகிற லிஃப்ட்.

"எப்பலேருந்து?" என்றாள் அண்ணி.

சிஸ்டம்ஸ்காரர் குனிந்து பார்த்தார். "எழுந்ததும் முதல்ல கேட்டதே இதைத்தான் மேடம். ஓடிக்கிட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருக்கும்."

காலையில் அணைக்கச் சொன்னவள் அண்ணி. எதற்கு ஓடுகிறது என்று தெரியாமலே அணைக்கச் சொன்னவள். எதிரே நொறுங்கி உட்கார்ந்திருக்கிற மனுஷர் அன்றைக்குச் செய்ததையேதான் அவளும் செய்திருந்தாள். அது அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் கொழுந்தன் பயத்தைப் பார்த்ததில்லை.

முதலாளியம்மா ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள். "லிஃப்டை நிறுத்துங்க. யாரையும் ஏத்தாதீங்க. நான் கம்பெனி முதலாளி பேசுறேன், இப்பவே நிறுத்துங்க." எதிர்முனையில் யாரோ யாரையோ கத்திக் கூப்பிட்டார்கள். லிஃப்டு மேல்மாடியில் நிற்கிறதாம், ஆளை ஏற்றப் போகிறார்களாம். ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த மெக்கானிக்கை அங்கே விரட்டினார்கள். காத்திருந்தார்கள். அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். கொழுந்தன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். "குடிங்க அண்ணி," என்றான். அவள் குடிக்கவில்லை.

போன் அடித்தது. முதலாளியம்மா ஸ்பீக்கரில் போட்டாள். மெக்கானிக்குக்கு மூச்சு இரைத்தது.

"அம்மா, ஆளுங்களை இறக்கிட்டாங்க. யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா பிரேக்கு சுத்தமா தேய்ஞ்சு காகிதமாட்டம் இருக்கும்மா. இன்னும் ரெண்டு தடவை ஏத்தி இறக்கியிருந்தா அவ்வளவுதான்."

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம்மா," என்றது ஸ்பீக்கர். "புகார்னு சொல்லி அனுப்பினீங்க. இங்கே யாரும் புகாரே கொடுக்கலைங்கறாங்க. வெளியில சத்தமே இல்ல. யாரும்மா சொன்னது?"

முதலாளியம்மா இன்ஜினியர் மனைவியைப் பார்த்தாள்.

இன்ஜினியர் மனைவி ஒரு அடி முன்னால் வந்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க சொன்னார்," என்றாள்.